இடமிருந்தால் எடுத்துக்கொள்ளப்படும்

ஜனவரி 11

என் அன்பு அக்காவுக்கு,

கடவுள் அருளால் இங்கே எல்லோரும் சுகம். நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். "கேட்கிறதைத் தவிர வேற என்ன பண்றே நீ?" என்று நீ முணுமுணுப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. இந்தத் தடவை ஒன்று பண்ணியிருக்கிறேன்.

நகரசபையின் வீட்டுவசதிக் குழுவில் என்னை உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். சிரிக்காதே. ஓட்டு வாங்கி வந்த உறுப்பினர்களோடு பொதுமக்களிலிருந்தும் இரண்டு பேரை வைத்துக்கொள்ள வேண்டுமாம். குழுவின் தலைவர் எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரர். பிரார்த்தனைக் கூடத்தின் வரவு செலவை நான் எழுதுவதைப் பார்த்தவர். "உங்க கணக்குல ஒரு பைசா கூட வழி தெரியாம அலையறதில்லையேம்மா, வந்து உட்காருங்க" என்றார். நான் எட்டாவதுதான் படித்தேன் என்றேன். "அங்க வர்றவங்க பேசறதைக் கேட்டா நீங்களே அதைச் சொல்ல மாட்டீங்க" என்றார்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். மார்ச்சில் வருஷத்துக்கான வேலைத்திட்டம் போடுவார்கள். எந்தக் கூட்டத்தில் எதைப் பேசுவது என்று வருஷம் முழுதுக்கும் அன்றைக்கே முடிவு செய்துவிடுவார்கள். அதில் வராத விஷயத்தை அப்புறம் தலைகீழாக நின்றாலும் எடுக்க மாட்டார்கள். வந்துவிட்டால், சம்பந்தப்பட்ட அதிகாரியும் ஒப்பந்தக்காரரும் குழுவின் முன்னால் நேரில் வந்து பதில் சொல்லியே தீர வேண்டும். இத்தனை நாளும் லிப்ட் கம்பெனி நகரசபையைக் கைகாட்டுகிறது, நகரசபை கம்பெனியைக் கைகாட்டுகிறது. இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தால் யாரைக் கைகாட்டுவார்கள்?

ஓடாமல் கிடக்கிற உன் நகரசபைக் கட்டடத்து லிப்டை அந்தத் திட்டத்தில் ஏற்றிவிடுகிறேன் அக்கா. ஆறு மாடி ஏற என் முழங்கால் ஒப்பவில்லை. அத்தானைத் தனியே விட்டு உன்னால் இறங்கி வர முடியவில்லை. போனில் பேசினால் உனக்குப் பாதிதான் காதில் விழுகிறது. ஒரே ஊரில் இருந்துகொண்டு தபால்தலை ஒட்டிப் பேசிக்கொள்கிற அக்கா தங்கை உலகத்தில் நாம் இருவராகத்தான் இருப்போம்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

*

ஜனவரி 20

கணக்குப்பிள்ளைக்கு,

தபால்காரர் கீழேயே போட்டுவிட்டுப் போன உன் கடிதத்தைக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா கொண்டுவந்து கொடுத்தாள். ஆறு மாடி ஏறி வந்தவளுக்கு மூச்சு வாங்குது, நான் தண்ணி எடுக்கப் போனா, "வேணாம்க்கா, தண்ணி குடிச்சா அந்தக் கனமும் சேர்ந்து இறங்கணும்"னு சொல்லிட்டு நிலைப்படியிலேயே உட்கார்ந்துட்டா. இதுதான் எங்க கட்டடத்து லட்சணம்.

நீ குழுவில் உட்கார்ந்திருப்பதை உன் அத்தானிடம் சொன்னேன். "அப்ப இனிமே நகரசபை தினமும் குளிச்சிட்டுத்தான் வேலை பார்க்கும்"னார். ரொம்ப நாள் கழிச்சு ஒரு கிண்டல்.

லிப்ட் கதவில் 'பழுது நீக்கப்படுகிறது' என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள் இல்லையா? அது கிழிந்து தொங்கிவிட்டது. போன வாரம் ஆள் வந்தான். ஆஹா என்று ஓடிப்போய்ப் பார்த்தால், அதே வாசகத்தில் புதுக் காகிதம் ஒட்டிவிட்டுப் போகிறான். காகிதத்துக்கு இருக்கிற பராமரிப்பு எங்களுக்கு இல்லை.

விளையாட்டு போதும். ஒன்று உனக்குத் தெரிய வேண்டும். பக்கவாதத்தில் விழுந்த அவர் காலுக்கும் கைக்கும் வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். ஒரே ஒருமுறை நாலு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒருத்தன் கை நழுவி, இவர் கைப்பிடிக் கம்பியில் இடித்துக்கொண்டார். அதிலிருந்து "என்னை மூட்டை தூக்காதீங்க"ன்னு ஒரே பிடிவாதம். நலத்துறைப் பெண் வந்து பார்த்தாள். மரியாதையான பெண்தான். "செப்டம்பருக்குள்ள இவர் இறங்கிப் போக வழி பிறக்கலேன்னா, பராமரிப்பு இல்லத்துலதாம்மா சேர்க்கணும். அங்கேயே பயிற்சியும் கொடுப்பாங்க"ன்னு சொன்னாள். நானும் கூட வரலாமா என்று கேட்டேன். அங்கே நோயாளிக்கு மட்டும்தான் கட்டிலாம்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து நாங்கள் தனித்தனி வீட்டில் படுத்ததில்லை. அவ்வளவுதான் விஷயம். நீ உன் குழுவில் என்ன வேண்டுமானாலும் செய், அந்த லிப்டை ஓட வை.

அக்கா

*

பிப்ரவரி 24

அன்பு அக்காவுக்கு,

நல்ல சேதி. நிதானமாகவே எழுதுகிறேன், இல்லாவிட்டால் கை ஓடிவிடும்.

நேற்று வேலைத்திட்டத்துக்கான முதல் கூட்டம். நகரசபையின் பின்கட்டில் ஒரு நீள அறை. ஜன்னல் திறக்காது, மின்விசிறி நிற்காது. சுவரில் பெரிய வெள்ளைத் தாள் ஒட்டி, ஆளுக்குக் கொஞ்சம் மஞ்சள் சீட்டு கொடுத்து, பேச வேண்டிய விஷயங்களை எழுதி ஒட்டச் சொன்னாள் குழுவின் செயலர். சின்னப் பெண், கறாரானவள். கொஞ்ச நேரத்தில் சுவரே தெரியவில்லை. குப்பை, ஈரச்சுவர், வாடகை பாக்கி, தெருநாய். வக்கீலம்மா ஒருவர் இருக்கிறார், பூங்காவில் புது பெஞ்சு போடுவது பற்றி மட்டும் மூன்று சீட்டு ஒட்டினார், வேறு வேறு கையெழுத்தில்! பக்கத்தில் உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் என்னிடம் குனிந்து, "பெஞ்சுக்கு இவ்வளவு போட்டின்னா நின்னுக்கிட்டே இருந்துடலாம்மா" என்றார்.

அப்புறம் ஒவ்வொரு சீட்டையும் நாலு கேள்வி கேட்டார்கள். இது நம் பொறுப்பில் உள்ள காரியமா? எத்தனை பேருக்குப் பாதிப்பு? வேறு யாராவது ஏற்கெனவே பார்க்கிறார்களா? நாம் பேசினால் ஏதாவது மாறுமா? மற்ற மூன்றுக்கும் ஆளாளுக்கு வாய் ஓயவில்லை. நாலாவது கேள்வி வந்தால் மட்டும் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

லிப்ட் சீட்டு வந்தபோது நான் எழுந்து பேசினேன். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஏறுகிறவர்கள், பிள்ளையை ஒரு மாடியிலும் பையை ஒரு மாடியிலும் வைத்து வைத்து ஏறுகிறவர்கள், இறங்கவே முடியாதவர்கள் என்று சொன்னேன். பஸ் டிரைவர், "என் வண்டி ரெண்டு நாள் நின்னா ஊரே பேப்பர்ல எழுதுது. லிப்ட் நின்னா ஒருத்தனும் கேக்கலியே" என்றார். நிறைய பேர் தலையாட்டினார்கள். மே மாதக் கூட்டத்தில் முதல் பொருள், நம் லிப்ட். செயலர்ப் பெண் அந்தச் சீட்டைத் தானே எடுத்து மே மாதக் கட்டத்தில் ஒட்டினாள். அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்து அழுத்திவிட்டு வந்தேன், காற்றில் விழுந்துவிடப் போகிறதே என்று.

மார்ச் 17 அன்று எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை வாசித்து முடிவு செய்வார்கள். அது வெறும் சடங்கு மாதிரி என்று பஸ் டிரைவர் சொல்கிறார். உறுப்பினர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு விதிப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். மத்தியான வேலை முடிந்ததும் அதைத்தான் உட்கார்ந்து படிக்கிறேன். அகராதி பக்கத்திலேயே இருக்கிறது.

என் வீட்டுக்காரர் உன்னை விசாரித்தார். "அக்கா வீட்டு லிப்டுக்காக நீ போட்ட பிரார்த்தனையில நம்ம வீட்டுக் குழாய் சரியாயிடுச்சு, விலாசம் மாறிப் போச்சு போல" என்று சிரிக்கிறார்.

உன் தங்கை

*

மார்ச் 3

என் செல்லக் கணக்குப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை நாலாவது மாடி வாத்தியார் வீட்டிலும், ரெண்டாவது மாடியில் பிள்ளை பெற்றிருக்கிற பெண்ணிடமும் படித்துக் காட்டினாள் தையல்காரம்மா. எனக்குக் கொண்டுவந்து கொடுப்பதற்கு முன்னாலேயே! கேட்டால், "உறை ஒட்டாம இருந்துச்சுக்கா" என்கிறாள். ஊரே மே மாதத்துக்குக் காத்திருக்கிறது.

உன் அத்தானுக்கு இரண்டு நாளாக ஒரே உற்சாகம். இறங்கினதும் முதல் வேலையாக சலூனுக்குப் போக வேண்டுமாம். "நீ வெட்டி வெட்டி என் தலை எலி கடிச்ச பாய் மாதிரி இருக்கு"ங்கிறார். ஆஸ்பத்திரி அப்புறமாம். சலூன் நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ படித்துப் போட்ட பேப்பரைப் படித்து, சம்பந்தமே இல்லாத ஆளோடு அரசியல் பேசி ஒரு சண்டை போட்டால்தான் மனுஷனாக இருப்பாராம். வெளியே போடுகிற சட்டையைத் தேய்த்து வைக்கச் சொன்னார். மே மாதத்துக்கு மார்ச்சிலேயே சட்டை தேய்த்தவள் நான் ஒருத்திதான்.

இப்போது ஒன்று சொல்கிறேன், மூளையில் எழுதி வை. நீ சின்ன வயசிலேயே ஒரு மாதிரி. மிட்டாய் கடைக்காரன் ஒன்று கூடப் போட்டுவிட்டால், அவன் கடையை மூடிவிட்டுப் போனாலும் பின்னாலேயே ஓடிக் கொடுத்துவிட்டு வருவாய். அங்கே போய் அந்த வேலையைக் காட்டாதே. நான் உன் அக்கா என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. நீ யாருக்கும் துரோகம் செய்யவில்லை, இந்தக் கட்டடத்தில் இருப்பதும் நான் ஒருத்தி இல்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார், கையைத் தூக்கச் சொன்னால் தூக்கு, எழுந்து வா. புரிந்ததா?

அக்கா

*

மார்ச் 18

அன்பு அக்காவுக்கு,

இதை உட்கார்ந்துகொண்டு படி.

மே மாதக் கூட்டத்தில் லிப்ட் இல்லை. எந்தக் கூட்டத்திலும் இல்லை. வேலைத்திட்டத்தின் கடைசிப் பக்கத்தில், 'இடமிருந்தால் எடுத்துக்கொள்ளப்படும்' என்ற தலைப்புக்குக் கீழே போய்விட்டது. வேறு யாரும் இதைச் செய்யவில்லை. நான்தான் செய்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நீ எழுதியதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். கூட்டம் தொடங்கியதும் தலைவர், "இன்றைய பொருள்களில் யாருக்காவது சொந்த சம்பந்தம் உண்டா, சொல்லிவிடுங்கள்" என்று கேட்டார். ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பதுதான். வக்கீலம்மா, "என் வீடு பூங்காவுக்கு எதிர்வீடு, எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. காலையில் கடவுள் முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்த வாய் அக்கா. அந்தக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருப்பவள் என் கூடப் பிறந்தவள் என்று சொல்லிவிட்டேன்.

அதோடு விட்டிருந்தால் ஒன்றும் இல்லை. சொன்னால் போதும் என்றுதான் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. அதை நான் ஒருமுறைக்கு இருமுறை படித்திருந்தேன். அது எனக்குப் போதவில்லை. லிப்ட் விஷயம் வந்தபோது, என் அக்காவுக்கு நல்லது நடக்கிற இடத்தில் நானும் உட்கார்ந்து கை தூக்குவது சரியில்லை என்று மனசு சொன்னது. மற்றவர்கள் நியாயமாகப் பேசி முடிவு செய்யட்டும், அப்போதுதான் அது சுத்தமான காரியமாக இருக்கும் என்று நினைத்தேன். எழுந்து, எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, வெளியே வந்தேன்.

நடையில் ஒரு பெஞ்சு. எதிரே தண்ணீர்க் குழாய், சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்தேன். மனசு அவ்வளவு லேசாக இருந்தது. அதைத்தான் இப்போது என்னால் தாங்க முடியவில்லை, அக்கா. அவ்வளவு லேசாக இருந்தது.

உள்ளே நடந்ததைச் செயலர்ப் பெண் பிறகு சொன்னாள். பஸ் டிரைவருக்கு அன்றைக்கு டியூட்டி மாற்றிப் போட்டுவிட்டார்கள், அவர் வரவில்லை. நானும் இல்லை. தலைவர் "லிப்ட்" என்று வாசித்திருக்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. வக்கீலம்மா, "இதைக் கேட்டவங்களே எழுந்து போயிட்டாங்க. குடும்ப விஷயம்னு அவங்களுக்கே கூச்சமாகிடுச்சு போல. வாபஸ்னு எடுத்துக்கலாமா?" என்றிருக்கிறார். தலைவர் சுற்றிலும் பார்த்திருக்கிறார். மே மாதத்துக்குப் பூங்கா பெஞ்சு வந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் கருணை காட்டித்தான் லிப்டைக் கிழித்துப் போடாமல் கடைசிப் பக்கத்தில் வைத்தார்களாம்.

நான் திரும்ப உள்ளே வந்தபோது வாடகை பாக்கி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் முடிந்துதான் எனக்கே தெரியும். மருந்துக்கடைக்காரரிடம் ஓடினேன். "நீங்களே கும்பிட்டுட்டுப் போனீங்களேம்மா, நாங்க வேணாம்னு சொல்றீங்கன்னு நினைச்சிட்டோம்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். மறுபடி திறக்க முடியாதாம். கையெழுத்தாகிவிட்டது.

இதை உன்னிடம் வேறு மாதிரியும் எழுதியிருக்கலாம். எழுத வரவில்லை.

உன் தங்கை

*

மார்ச் 26

தங்கைக்கு,

படித்தேன். உட்கார்ந்துதான் படித்தேன்.

வாயை மூடு என்றேன். திறந்தாய். அதைக்கூட விடு. திறந்த வாயைத் தூக்கிக்கொண்டு வெளியே ஏன் போனாய்? எதிர்வீட்டுக்காரி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து தன் பெஞ்சை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். அவளுக்கு உன்னைவிடப் பாவம் அதிகமா? போய்க் கேட்டுப் பார், நன்றாகத் தூங்குவாள்.

நடையில் உட்கார்ந்து கடவுளிடம் பேசினேன் என்கிறாய். அவர் அந்தக் குழுவில் உறுப்பினரா? அவருக்கு ஓட்டு உண்டா? ஓட்டு உனக்குத்தான் இருந்தது.

உன்னைத் திட்டி எழுத நிறைய இருக்கிறது. நீ கெட்டது செய்திருந்தால் திட்டலாம். நீ நல்லவளாக இருக்கப் போய் நடந்த காரியம் இது. இதற்கு எந்த வார்த்தையால் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சட்டை ஆணியில் தொங்குகிறது.

அக்கா

*

ஜூலை 9

அன்பு அக்காவுக்கு,

ஏப்ரலில் போட்டதற்கும் மே மாதத்தில் போட்டதற்கும் பதில் இல்லை. கிடைத்ததா என்று தையல்காரம்மாவைக் கேட்டேன். "கையிலதாம்மா குடுத்தேன், வாங்கி அலமாரி மேல வச்சாங்க" என்றாள். பிரித்தாயா என்று நான் அவளிடம் கேட்கவில்லை.

நான் சும்மா இல்லை என்பதை மட்டும் தெரிந்துகொள். மே கூட்டத்தில் பெஞ்சு பற்றி நிறைய நேரம் பேசினார்கள். சாய்மானம் உள்ளதா, இல்லாததா என்று இரண்டு கட்சி. முடியும்போது நான் எழுந்து லிப்டைச் சொன்னேன். திட்டத்தில் இல்லாததைப் பேசக்கூடாது என்று வக்கீலம்மா விதி எண்ணைச் சொன்னார். நான் பேசிக்கொண்டே இருந்தேன். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள். உங்கள் கட்டடத்துக்காரர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தேன். அதற்கு வந்த பதிலில், 'தங்கள் மனு வீட்டுவசதிக் குழுவின் கவனத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று இருக்கிறது. அந்தக் கவனம் என்பது நான்தான். என் மனு சுற்றிச் சுற்றி என் முன்னால் இருக்கிற மேஜைக்கே வந்தது.

இந்த வாரக் கூட்டத்தில் ஒரு பொருள் தள்ளிப்போயிற்று, அதிகாரிக்கு உடம்பு சரியில்லை. இடமிருக்கிறதே, எடுங்கள் என்றேன். அறிக்கை தயாரிக்காமல் எடுக்க முடியாதாம். அறிக்கை ஏன் தயாரிக்கவில்லை என்றேன். திட்டத்தில் இல்லையே என்றார்கள். அந்த மத்தியானம் முழுக்க எதுவும் பேசாமல், மின்விசிறிக்குக் கீழே, எல்லோரும் பிஸ்கட் சாப்பிட்டோம்.

இன்று உன் கட்டடத்துக்கு வந்தேன். எப்படியாவது ஏறிவிடுவது என்றுதான் வந்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் கடவுள் பேரைச் சொல்லிக்கொண்டு ஏறினேன். மூன்றாவது மாடியில் கால் மடங்கிவிட்டது. அத்தான் இடித்துக்கொண்ட அந்தத் திருப்பமாகத்தான் இருக்கும். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே உங்கள் வீட்டு ரேடியோ கேட்டது. அத்தானுக்குப் பிடித்த அந்தச் செய்தி வாசிப்பவரின் குரல். "அக்கா" என்று இரண்டு மூன்று தடவை கூப்பிட்டேன். உனக்குக் கேட்காது என்று தெரியும். கேட்டிருக்குமோ என்றும் ஒரு நினைப்பு வருகிறது, அதைத் தள்ளிவிடுகிறேன்.

தையல்காரம்மா வந்து கைத்தாங்கலாகக் கீழே கூட்டி வந்தாள்.

ஒரு வரி எழுது. திட்டியே எழுது.

உன் தங்கை

*

செப்டம்பர் 22

தங்கைக்கு,

நேற்று அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தெரியப்படுத்த வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பெல்ட் வைத்த நாற்காலி கொண்டுவந்தார்கள். பயிற்சி எடுத்த ஆட்கள், பத்திரமாகவே இறக்கினார்கள். அவர் ஒன்றும் பிடிவாதம் செய்யவில்லை. அந்தச் சட்டையை நானே போட்டுவிட்டேன், வேறு நல்ல சட்டை இல்லை. ஆறு மாடியும் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. அவரைப் பார்த்ததும் மெல்லச் சாத்திக்கொண்டார்கள். நல்ல மனுஷர்கள்.

வண்டியில் என்னை ஏற்றவில்லை, இடமில்லை என்றார்கள். பின்னாலேயே பஸ்ஸில் போனேன். போய்ச் சேர்வதற்குள் அவருக்குச் சாப்பாடு கொடுத்துத் தூங்க வைத்திருந்தார்கள். எழுப்பக்கூடாது என்றாள் நர்ஸ். கட்டில் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பஸ் பிடித்து வந்து, படியேறினேன். இறங்கவும் ஏறவும் இனி நான் ஒருத்திதான், வேண்டியபோது போகலாம், வரலாம். அவசரமே இல்லாமல் ஏறினேன்.

ஜூலையில் நீ படியில் உட்கார்ந்து கூப்பிட்டது கேட்டதா என்று எழுதியிருந்தாய். கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. "உன் தங்கச்சி குரல் மாதிரி இருக்கு, போய்ப் பாரு"ன்னார். இருக்காது என்று சொல்லிவிட்டேன்.

அக்கா

*

ஜனவரி 29

அன்பு அக்காவுக்கு,

உன் செப்டம்பர்க் கடிதத்துக்கு நான் போட்ட பதில்கள் கிடைத்திருக்கும். இது தையல்காரம்மா கைக்குப் போகாமல், நேரே உன் கையில் போய்ச் சேர வேண்டும் என்று பதிவுத் தபாலில் போடுகிறேன்.

இந்த வருஷத்து வேலைத்திட்டம் இந்த முறை சீக்கிரமே முடிவாகிவிட்டது. முதல் கூட்டம், முதல் பொருள், லிப்ட். மார்ச் 16. சொந்த சம்பந்தம் உண்டா என்று கேட்டபோது, உண்டு, என் அக்கா என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருந்தேன். இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் ஒரு வார்த்தை எதிர்க்கவில்லை. வக்கீலம்மாவே ஆதரித்துப் பேசினார். எல்லாம் முடியக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு சுலபமாக நடக்கிற காரியம் அது. அதைப் பார்த்ததும் எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துச் செயலர்ப் பெண் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அந்தக் கட்டடத்தில் வசித்து அனுபவப்பட்ட ஒருவர் நேரில் வந்து குழுவின் முன்னால் பேச வேண்டுமாம். அதிகாரிகள் காகிதத்தைப் பார்த்துப் பேசுவார்கள், நீ வந்து பேசினால் நிமிர்ந்து பார்ப்பார்கள். உன் பெயரைத்தான் கொடுக்க நினைத்திருக்கிறேன். லிப்ட் ஓடினால் அத்தானைத் திரும்பக் கூட்டி வரலாமே, நலத்துறையில் நானே போய்ப் பேசுகிறேன்.

முன்போல் இப்போது பிரார்த்தனையில் எதையும் கேட்பதில்லை. கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். கடவுள் என்னிடம் ஏதாவது கேட்பார் என்றுதான் பயமாக இருக்கிறது.

வருவாயா?

உன் தங்கை

*

பிப்ரவரி 13

தங்கைக்கு,

உன் பதிவுத் தபால் பழைய வீட்டுக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்தது. வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு ஆளுக்கு அவ்வளவு இடம் எதற்கு என்று நகரசபையிலேயே கேட்டார்கள், கேட்டது நியாயம்தான். அவர் இருக்கிற இல்லத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு அறை பிடித்திருக்கிறேன். பார்க்கிற நேரம் மாலையில் ஒரு மணி நேரம். அதற்கு முன்னால் சமைக்கிறேன், அதற்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிறேன். நாள் போய்விடுகிறது.

குழுவில் பேச வாத்தியாரைக் கூப்பிடு. அழகாகப் பேசுவார். பிள்ளைக்காரப் பெண்ணையும் கூப்பிடு. அவர்களுக்கு லிப்ட் வேண்டும். நீ செய்கிறது நல்ல காரியம், விட்டுவிடாதே. நான் வரவில்லை.

அவரைத் திரும்பக் கூட்டி வருவதைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த இல்லம் தரைத்தளம். படியே கிடையாது. கதவைத் திறந்தால் நடைபாதை, நடைபாதைக்கு அந்தப் பக்கம் கடைகள், மனுஷர்கள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போக எனக்கே பலம் போதும். "கொஞ்சம் வெளியே போயிட்டு வரலாமா?"ன்னு தினமும் கேட்கிறேன். என் முகத்தைப் பார்த்து, மரியாதையாக, "எதுக்கு?" என்கிறார். வேற்று ஆளிடம் பேசுகிற மாதிரி. கோபம் இருந்தால்கூடத் தெரிந்துகொள்ளலாம். அதுவும் இல்லை.

உன்மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்காதே. கோபம் அந்த வீட்டிலேயே தீர்ந்துவிட்டது. இப்போது உன்னை நினைத்தால் நடையில் ஒரு பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிற ஒருத்திதான் தெரிகிறாள். எவ்வளவு முயற்சி செய்தாலும் அவள் எழுந்து உள்ளே போக மாட்டேன் என்கிறாள்.

இந்த விலாசம் உனக்குத் தெரிந்துவிட்டது. பஸ் வாசலிலேயே நிற்கிறது. என் அறையும் தரைத்தளம்தான், உன் முழங்காலுக்குச் சிரமமே இல்லை.

வராதே.

அக்கா